கடுகுத் திணை

பாயிரம்

கான்ட்டைப் பற்றித் தமிழில் எழுதிவிட்டார்கள். ஹெகலைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். மார்க்ஸைப் பற்றி எழுதியதை அடுக்கினால் நடுத்தரமான ஒரு வீட்டுக்குச் சுற்றுச்சுவரே எழுப்பலாம். ஆனால் இந்த மூவரின் மொழியைப் பேசும் ஒரு மனிதன், மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் தெருவில் நின்றபடி, காகிதத்தில் சுற்றிய ஒரு பண்டத்தை ஏழே நிமிடத்தில் தின்றுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறானே, அந்த ஏழு நிமிடத்தைப் பற்றி நம் புலமை உலகம் வாய் திறக்கவில்லை. அந்த ஏழு நிமிடமும் அவன் வாய் திறந்தது பேசுவதற்கல்ல என்பதால் செய்தி வெளியே கசியாமல் போயிருக்கலாம்.

இக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. களம், பவேரிய மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள கோபுர்க் என்னும் சிற்றூர். மக்கள்தொகை நாற்பதாயிரத்துச் சொச்சம். பெயரைப் பார்த்துக் கோபுரம் தேடி வருகிறவர்களுக்கு மலைமேல் ஒரு கோட்டை இருக்கிறது. அதை வைத்துச் சமாதானம் ஆகிக்கொள்ள வேண்டும். காலம், நான் அங்கே மொழிபெயர்ப்பு வேலை பார்த்த ஆண்டுகளின் உணவு இடைவேளைகள். தரவு, நான் தின்றவை அனைத்தும். துல்லியமான எண்ணிக்கையை வெளியிடுவதற்கில்லை. என் மனைவியும் இந்த இதழை வாசிக்கிறவர்.

ஆய்வு நெறியைப் பற்றிச் சில நாள் குழம்பினேன். மேலைநாட்டு மானுடவியலைக் கொண்டு மேலைநாட்டானையே அளப்பது, அவன் வீட்டுத் தராசில் அவன் வீட்டு அரிசியை நிறுப்பது போல. நம்மிடம் நிலத்தையும் மனிதரையும் உணவையும் பறவையையும் ஒரே சட்டத்தில் மாட்டிப் பார்க்கத் தொல்காப்பியர் செய்து கொடுத்த கருவி ஒன்று இருக்கிறது. முதல், கரு, உரி. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் செல்லுபடியாகிற கருவி, சாசேஜ் கடைக்குச் செல்லாமல் போய்விடுமா என்ன?

திணை என்றால் ஒரு பூவின் பெயர் வேண்டும். இங்கே அடுப்பெரிவது பைன் மரத்துக் காயில். பைனுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பூ கிடையாது. எனவே கடுகுப் பூவைத் தேர்ந்தேன். காரணம் இரண்டு. எந்தக் கடையிலும் கேட்கப்படும் முதல் கேள்வி கடுகு விழுது வேண்டுமா என்பதுதான். அடுத்தது, யாரும் கேட்காமலே ஒருவர் கருத்துச் சொன்னால் 'தன் பங்குக் கடுகையும் சேர்க்கிறார்' என்று ஜெர்மன்காரர்கள் சொல்வார்கள். இந்தக் கட்டுரையையும் யாரும் கேட்கவில்லை.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜெர்மனியில் அதிகம் புழங்கும் கடுகு விழுதின் பெயரே 'நடுத்தரக் காரம்'. நம் கணக்கில் அது நடுத்தரத்துக்கும் கீழே.

முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும்.

நிலம் சந்தைச் சதுக்கம். கருங்கல் பாவிய தரை, சுற்றிலும் பழைய மாளிகைகள், நடுவில் வெண்கலத்தில் இளவரசர் ஆல்பர்ட். இந்த ஊர்ப் பக்கத்தில் 1819-இல் பிறந்து விக்டோரியா ராணிக்கு வாழ்க்கைப்பட்டவர். சிலையை ராணியே 1865-இல் நேரில் வந்து திறந்துவைத்தார். சிலைக்குச் சற்றுத் தள்ளி, புகை விட்டுக்கொண்டு, ஒரு தள்ளுவண்டிக்கும் ஒரு பெட்டிக்கடைக்கும் பிறந்தது போல ஒரு கடை நிற்கும். ஊரார் ஆல்பர்ட்டை அடையாளம் வைத்துக் கடையைச் சொல்வதில்லை. மூக்கே வழி காட்டிவிடும்.

இப்படிப்பட்ட கடைக்குப் பொதுப்பெயர் 'இம்பிஸ்'. 'கடித்தல்' என்னும் வினையின் வழி வந்த சொல். சிறிதாக உண்பதால் நாம் சிற்றுண்டி என்கிறோம். நொறுங்குவதால் நொறுக்குத்தீனி என்கிறோம். கையில் ஏந்தித் தின்பதால் சென்னையில் கடைக்கே 'கையேந்தி பவன்' என்று பெயர் வைத்தோம். ஜெர்மன்காரர் அளவையும் பார்க்கவில்லை, ஒலியையும் பார்க்கவில்லை, பல் பதிகிற கணத்தைப் பிடித்துக்கொண்டார். தத்துவ மரபு உள்ள இனம்.

பொழுதில் சிறுபொழுது நண்பகல். இந்த நாட்டில் மரபுப்படி சூடான சாப்பாடு மத்தியானம் மட்டும். இரவுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் என்று ஆறிப்போன சமாசாரம். ஆகவே பதினொன்றரை மணிக்கே அலுவலகத் தாழ்வாரங்களில் ஒரு பதற்றம் பரவுகிறது. எதிரே வருகிறவரைப் பார்த்து 'மால்ட்சைட்' என்கிறார்கள். 'சாப்பாட்டு வேளை' என்பதுதான் பொருள். ஆனால் வணக்கமாகப் புழங்குகிறது. கழிப்பறை வாசலில் எதிர்ப்பட்ட ஒருவர் எனக்கு இதைச் சொன்னபோது, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நன்றி சொல்லி வைத்தேன். பெரும்பொழுதில் கூதிரும் முன்பனியும் சிறப்பு. குளிரில் புகை கீழேயே தங்கும்.

நிலத்தின் அரசியலையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். கோபுர்க் பவேரியாவோடு சேர்ந்தது 1920-இல். அதற்கு முந்தைய ஆண்டு, 1919 நவம்பர் 30-இல், அண்டையில் உள்ள துரிங்கியாவோடு சேரலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். 88 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். துரிங்கியாவின் சாசேஜ் நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர். கோபுர்க்கின் சாசேஜ் அதைவிட நீளம். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

கருப்பொருள்

தெய்வம் முதலில். நகர மன்றக் கட்டடத்தின் முகப்பு உச்சியில் புனித மொரீஷியஸ் நிற்கிறார். எகிப்திலிருந்து வந்த ரோமானியப் படையின் தலைவர் என்பது ஐதீகம். ஊரின் சின்னத்திலும் அவருடைய ஆப்பிரிக்க முகம்தான். 1934-இல் நாஜிகள் அந்த முகத்தை எடுத்துவிட்டுத் தங்கள் சின்னம் பொறித்த வாளை வைத்தார்கள். 1945-இல் முகம் திரும்ப வந்தது. முகப்பில் நிற்கிறவர் கையில் ஒரு தளபதிக் கோல். இந்தக் கோலின் நீளம்தான் கோபுர்க் சாசேஜின் நீளம், அதாவது 31 சென்டிமீட்டர் என்பது ஊர் வழக்கு. அதனால் படைத்தலைவருக்கு ஊரார் வைத்த செல்லப்பெயர் 'சாசேஜ் ஆசாமி'. தஞ்சாவூரில் கோயில் நெல்லை அளக்க மரக்கால். இங்கே கூரைமேல் ஒரு முழக்கோல்.

இந்த வழக்கைச் சோதிப்பது ஆய்வாளன் கடமை அல்லவா? தையற்காரர் நாடா ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வாங்கியதும் அளந்தேன். முதலாவது, கோலின் அளவுக்கு ஒரு விரற்கடைக்கு மேலேயே குறைந்தது. இரண்டாவது அதைவிடக் குறைந்தது. மூன்றாவதை அளக்கும்போது நாடாவில் கொழுப்பு வழிந்து இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் எண்கள் எல்லாம் ஒளி ஊடுருவும் நிலையை எய்திவிட்டன. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் என்னைச் சுகாதாரத் துறை அதிகாரி என்று நினைத்து இரண்டடி பின்வாங்கினார். தெய்வம் பொய் சொல்கிறதா, கடை பொய் சொல்கிறதா என்ற கேள்வி என் மனத்தில் வெகுகாலம் கிடந்தது.

மரம் பைன். கரி அல்ல, விறகு அல்ல, பைன் மரத்துக் காய். உலர்ந்து செதில் விரிந்த காய்களைக் கடைக்காரம்மா வாளியிலிருந்து அள்ளிக் கம்பிவலைக்கு அடியில் போடுவார். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு காயின் செதில்களில் ஒளிந்திருக்கும் பிசின் பிடித்துக்கொள்ளும். பட்பட்டென்று பொரியும். நீலப் புகை வரும். வலைமேல் வெளிறிய ரோஜா நிறத்தில் படுத்திருக்கும் சாசேஜ்கள் ஓரங்களில் வியர்க்கத் தொடங்கும். ஒரு சொட்டுக் கொழுப்பு கீழே விழும்; சட்டென்று ஒரு முழ உயரத்துக்குத் தீ எழும்; அவர் கண்ணைச் சுருக்காமலேயே, கையளவு நீண்ட இடுக்கியால் அந்த வரிசையை மட்டும் தள்ளி வைப்பார். தோல் பழுப்பாகி, கொப்புளித்து, ஓரிடத்தில் வெடிக்கும். வெடித்த அந்த ஓரத்தில் பிசின் புகையின் மணம் ஏறியிருக்கும். அந்தத் துண்டுக்காகத்தான் இவ்வளவும்.

பிறகு பன். பன் என் உள்ளங்கை அகலம். சாசேஜ் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கட்டிலைவிட நீளமான மனிதன் தூங்குவது போலத் தலையும் காலும் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதை எந்தப் பக்கம் தொடங்குவது? நான் கண்டவரை இரண்டு மரபுகள். ஒரு பக்கத்திலிருந்து நேராக முன்னேறுகிறவர்கள். இருபுறமும் மாறி மாறிக் கடித்து முதலில் சமநிலைக்குக் கொண்டுவந்து, பிறகு பன்னுக்குள் நுழைகிறவர்கள். பின்னவர்கள் வரி அதிகாரிகளாகவோ கணக்காளர்களாகவோ இருக்கக்கூடும். நான் முதல் மரபு. மறுமுனை ஒருநாள் வழுக்கி ஆல்பர்ட்டின் காலடியில் விழுந்தது. அரை நொடியில் புறா வந்தது. ஆகக் கருப்பொருளில் புள் என்பதும் தீர்ந்தது.

விலங்கு பன்றி. மேலே சொன்னதெல்லாம் அதுதான். பறை ஆண்டு முழுதும் இடுக்கியின் டக்டக் மட்டும். ஜூலையில் மட்டும் உண்மையிலேயே பறை. இந்த ஊரில் 1992 முதல் சம்பா விழா நடக்கிறது. பிரேசில் மேளங்கள் சதுக்கத்தை அதிர வைக்கும் அந்த நாட்களில் சாசேஜ் கேட்பதைச் சைகையில்தான் கேட்க வேண்டும்.

சொல்லாராய்ச்சி சிறிது. இந்தச் சாசேஜுக்கு வழங்கும் 'பிராட்வுர்ஸ்ட்' என்ற பெயரில் உள்ள 'பிராட்' என்பது 'வாட்டுதல்' என்று பலர் நினைக்கிறார்கள், ஜெர்மன்காரர்களே நினைக்கிறார்கள். அன்று. அது கொத்திய இறைச்சியைக் குறிக்கும் பழஞ்சொல். வாட்டாமல் பச்சையாகக் கிடந்தாலும் அது பிராட்வுர்ஸ்ட்தான். சாசேஜைக் குறிக்கும் 'வுர்ஸ்ட்' என்பதோ இன்னும் விந்தை. 'எனக்கு அது வுர்ஸ்ட்' என்றால் எனக்கு அதில் அக்கறையே இல்லை என்று பொருள். 'இப்போது வுர்ஸ்ட்டே பணயம்' என்றால் வாழ்வா சாவா என்று பொருள். ஒரே பண்டம் ஒன்றுமில்லாததாகவும் எல்லாமுமாகவும் இருப்பதை நம் ஊரில் பிரம்மம் என்று சொல்லியிருப்பார்கள். உச்சரிப்பில் கவலை வேண்டாம். இந்தப் பிராங்கோனிய வட்டாரத்தில் 'த'வும் மென்மையான 'த'வும், 'ப'வும் மென்மையான 'ப'வும் நாக்கில் ஒன்றுதான். ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஒலிக்கும் சமாளிக்கிற தமிழன் அங்கே உடனே ஊர்க்காரன் ஆகிவிடலாம்.

வரலாறு என்று கேட்டால், துரிங்கியாவில் உள்ள ஆர்ன்ஸ்டாட்டில் 1404-ஆம் ஆண்டுக் கன்னிமடக் கணக்கு ஒன்றில் பிராட்வுர்ஸ்ட்டுக்கான குடல் வாங்கிய செலவு ஒரு குரோஷன் என்று எழுதியிருக்கிறது. துரிங்கியர்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். நியூரம்பர்க்காரர்கள் தங்களுடையது இன்னும் பழமை என்கிறார்கள். அவர்களுடையது 7 முதல் 9 சென்டிமீட்டர், ஒரு பன்னில் மூன்று வைத்தால்தான் வெளியே தெரியும். எனக்குப் பிடித்தது அந்தக் கணக்குச் சீட்டுதான். ருசியைப் பற்றி ஒரு சொல் இல்லை; குடல், காசு. நம் கோயில் கல்வெட்டிலும் அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை ஆழாக்கு என்றுதான் இருக்கும். பொங்கல் எப்படி இருந்தது என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை.

சதுக்கத்தை விட்டு ரயில் நிலையப் பக்கம் நடந்தால் கருப்பொருள் மாறும். இங்கே இறைச்சி படுப்பதில்லை, நிற்கிறது, சுற்றவும் செய்கிறது. 1961 அக்டோபர் 30-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்தது. கூப்பிட்டது உழைப்பாளியை; கூடவே அவர் பசியும் வந்தது. 1972-இல் பெர்லினில் கதிர் நூர்மன் என்பவர், சுற்றும் இந்த இறைச்சியாகிய டோனரை ரொட்டிக்குள் வைத்து, நடந்தபடியே தின்ன ஏதுவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. இன்று ஜெர்மனியில் மாதா கோயில் இல்லாத ஊரைக் காட்டினாலும் காட்டலாம், டோனர் இல்லாத ஊரைக் காட்டுவது கஷ்டம். கொத்திறைச்சி 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அதை 'டோனர் கெபாப்' என்று விற்கக் கூடாது என்று வழிகாட்டி விதி உண்டு. 2024-இல் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் துருக்கிக்கு அரசுமுறைப் பயணம் போனபோது 60 கிலோ டோனர்க் கம்பத்தையே விமானத்தில் கொண்டுபோனார். திருநெல்வேலிக்கு அல்வா. அதே ஆண்டில் விலை ஏறிப்போய், இடதுசாரிக் கட்சியினர் டோனருக்கு 4.90 யூரோ என்று உச்சவரம்பு கட்டச் சொன்னார்கள். ஹெகல் இருந்திருந்தால் வரலாறு முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

டோனர்க் கடை இலக்கணத்துக்கும் ஒரு கொடை அளித்திருக்கிறது. 'எல்லாம் போட்டு' என்பதற்கு வேற்றுமை உருபோடு 'மிட் அல்லெம்' என்பதே சரி. கடையில் சொல்வதோ 'மிட் அல்லெஸ்'. நாடு முழுக்க, இலக்கண வாத்தியார் உட்பட, கடை முன்னால் நின்றால் அப்படியேதான் சொல்கிறார்கள். நன்னூலார் இதற்குத்தான் வழுவமைதி என்று ஓர் அறையை முன்கூட்டியே கட்டி வைத்தார். நான் பள்ளி இலக்கணப்படி 'மிட் அல்லெம்' என்று கேட்டபோது, கத்தியை நிறுத்திவிட்டு, "ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார் கடைக்காரர்.

கறிவுர்ஸ்ட் இந்த ஊருக்கு உரியதன்று. ஆனால் தமிழில் எழுதும் ஆய்வாளன் அதைத் தாண்டிப்போனால் நாக்கு அழுகும். 1949 செப்டம்பர் 4-இல் பெர்லினின் ஷார்லொட்டன்பர்க் பகுதியில் ஹெர்ட்டா ஹொய்வர் என்ற அம்மாள், தக்காளி விழுதில் கறித்தூளைக் கலந்து, வெட்டிய சாசேஜ்மேல் ஊற்றினார். கான்ட் பிறந்த அதே கோனிக்ஸ்பெர்கில் பிறந்தவர். கான்ட்டின் பெயர் தாங்கிய தெருவின் முனையில்தான் கடையும் இருந்தது. கூட்டுச்சாறுக்கு 'சில்லப்' என்று பெயர் சூட்டி 1959-இல் பதிவும் செய்துகொண்டார். இல்லை, ஹாம்பர்க்கில் தொடங்கியது என்று ஊவே டிம் 1993-இல் ஒரு குறுநாவலே எழுதிவிட்டார். ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை 1973 முதல் சொந்தமாகக் கறிவுர்ஸ்ட் செய்கிறது. அதற்குக் கார் உதிரிப்பாகத்தைப்போல எண் உண்டு: 199 398 500 ஏ. 2021-இல் அங்கே ஓர் உணவகத்தில் அதை நிறுத்தியபோது முன்னாள் பிரதமர் ஷ்ரோடர் பகிரங்கமாகக் கொதித்தார்; இரண்டு ஆண்டில் திரும்ப வைத்துவிட்டார்கள்.

இதில் நம் பங்கு 'கறி'. தமிழில் புறப்பட்டு, போர்த்துகீசியர் வாயில் ஒருமுறை, ஆங்கிலேயர் வாயில் ஒருமுறை மெல்லப்பட்டு, ஜெர்மன் வாய்க்கு வந்து சேர்ந்த சொல். சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து அதை ஏற்றிப்போயின. மதுரையில் கறி என்றால் ஆட்டிறைச்சி. சில வீடுகளில் வாழைக்காயை வதக்கினால் கறி. யாழ்ப்பாணத்தில் சோற்றோடு வருவதெல்லாம் கறி. ஜெர்மனியில் மஞ்சள் நிறத் தூள். மதுரைக் கணக்கில் பார்த்தால் கறிவுர்ஸ்ட் என்பது 'நடுச்சென்டர்' போன்ற தொடர். முதல்முறை கறி போனபோது பொன் வந்தது. இந்தமுறை நானே காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

லேபர்கேஸ் என்ற இறைச்சிப் பண்டத்தைப் பற்றி இரண்டு வரி போதும். பெயருக்குப் பொருள் 'ஈரல் பாலாடைக்கட்டி'. பவேரியாவில் அதில் ஈரலும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை. பன்னுக்குள் வைத்தால் அதன் சுருக்கெழுத்து லாரிக்கு வழங்கும் சுருக்கெழுத்தோடு ஒத்துப்போகும். இதை ஒருவர் சொல்லிச் சிரிப்பார், நாமும் சிரிக்க வேண்டும். குழம்புச் சட்டியில் குழம்பும் இல்லை, சட்டியும் இல்லை என்றால் நம் ஊரில் பஞ்சாயத்து கூடியிருக்கும்.

உரிப்பொருள்

குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல். கடுகுத் திணைக்கு நிற்றலும் நிற்றல் நிமித்தமும்.

இதை என் சொந்தக் கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே ஏறத்தாழ இந்த முடிவுக்கு வந்தது. ஜெர்மனியில் அப்போது சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போனால் மதிப்புக்கூட்டு வரி 7 விழுக்காடு. உட்காரவைத்துப் பரிமாறினால் 19. முதலாவது 'பொருள் விற்பனை', இரண்டாவது 'சேவை'. சரி, ஒருவர் கடை முன்னாலேயே நின்று தின்றால்? அவர் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. திரிசங்கு. இந்தத் திரிசங்குவுக்கு எத்தனை விழுக்காடு என்று வரித்துறையும் கடைக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2011 மார்ச் 10-இல் லக்ஸம்பர்க்கில் உள்ள அந்த ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சாசேஜை வாட்டிக் கொடுப்பதில் பெரிய சேவை ஒன்றும் இல்லை, பரிமாறுகிறவர் இல்லை, மேசை விரிப்பு இல்லை, கோட்டை வாங்கி மாட்டுகிறவர் இல்லை, ஆகவே அது பொருள் விற்பனையே. பின்னோடு ஜெர்மன் நிதி நீதிமன்றம் நுணுக்கமாகப் பிரித்தது. நின்று தின்ன ஒரு பலகை நீட்டியிருந்தால் பரவாயில்லை. நாற்காலியோ பெஞ்சோ போட்டால், அது சேவை.

ஆகப் பன்னிரண்டு விழுக்காடு என்பது மனிதப் பிருஷ்டத்துக்கு அரசு நிர்ணயித்த விலை. இதைவிடத் துல்லியமாக எந்தத் தத்துவமும் உடலை மதிப்பிட்டதில்லை.

நான் ஒருநாள் ஆல்பர்ட் சிலையின் பீடத்தில் உட்கார்ந்து தின்றேன். வரி என்ன ஆகும் என்ற கவலை தொண்டையை அடைத்தது. பிறகு படித்தபோது நிம்மதி: இருக்கையைக் கடைக்காரர் கொடுத்திருந்தால்தான் கணக்கு. எனக்கு இருக்கை தந்தது விக்டோரியா ராணி.

நிற்கிறவர்களுக்கென்று மார்பளவு உயரத்தில் வட்ட மேசை ஒன்று இருக்கும். அங்கே வங்கிக்காரர் நிற்பார், ஆரஞ்சுச் சட்டை போட்ட குப்பை வண்டிக்காரர் நிற்பார், பள்ளிக்கு மட்டம் போட்ட பையன் நிற்பான். புதிதாக வருகிறவர், உட்கார எதுவுமே இல்லாத அந்த மேசையைப் பார்த்து, "இங்கே இடம் இருக்கிறதா?" என்று கட்டாயம் கேட்பார். மற்றவர்கள் வாய் நிறைய இருப்பதால் தலையாட்டுவார்கள். பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வார். கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் போடுவார். இடுப்பிலிருந்து முன்னால் சாய்வார். நம் ஊரில் தெருக்குழாயில் தண்ணீர் குடிக்கச் சாய்வோமே, அதே கோணம். கொழுப்பு தரையில் சொட்டும், சட்டையில் சொட்டாது. பீட்சாவைக்கூட முள்கரண்டியால் கௌரவமாக வெட்டித் தின்கிற அதே மனிதர் இங்கே பத்து விரலும் மினுமினுக்க நிற்கிறார். தின்று முடிந்ததும் "நல்ல பொழுதாகட்டும்" என்று பொதுவாக மேசையிடம் சொல்லிவிட்டுப் போவார். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது.

என் கோட்பாட்டுக்கு நேர்ந்த விபத்தையும் மறைக்கக் கூடாது. கொரோனாக் காலத்தில், 2020 ஜூலையிலிருந்து 2023 முடிய, உட்கார்ந்து தின்பதற்கும் குறைந்த விழுக்காடே என்றார்கள். 2024-இல் மறுபடி 19. நான் நிம்மதியாகக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். 2026 ஜனவரி 1 முதல் மறுபடி 7 ஆக்கி, நிற்பவருக்கும் உட்காருபவருக்கும் ஒரே விழுக்காடு என்று சட்டமே செய்துவிட்டார்கள். பானத்துக்கு மட்டும் பழைய 19. உரிப்பொருளின் பொருளாதார அடித்தளம் ஒரே இரவில் இடிந்தது. ஜனவரி முதல் வாரம், மைனஸ் நாலு டிகிரியில், ஓடிப்போய்ப் பார்த்தேன். வட்ட மேசையைச் சுற்றி ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒழிபு

ஐந்திணைக்கு வெளியே கைக்கிளையும் பெருந்திணையும் உண்டு. கைக்கிளை ஒருதலைக் காமம்: சைவ உணவுக்காரராகிய என் நண்பர் மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து, கடைக்குக் காற்றின் கீழ்ப்பக்கமாகப் போய் நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு பொரித்த உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார். தக்காளிச் சாறும் மயோனைஸும் சேர்த்து ஊற்றிய உருளைக்கிழங்குக்கு ரூர் தொழிற்பகுதியில் 'ரயில்வே கேட்' என்று பெயர். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருப்பதால்.

பெருந்திணை பொருந்தாக் காமம்: பைன் புகையில் வாட்டிய சாசேஜுக்குத் தக்காளிச் சாறு கேட்பது. வந்த புதிதில் நான் கேட்டேன். கடைக்காரம்மா மறுக்கவில்லை. பாட்டிலை எடுத்து என் முன் வைத்துவிட்டு, ஊற்றும் நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

உருளைக்கிழங்குக்குத் தரும் இரண்டு பல் மர முள்ளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ராக் கச்சேரிகளில் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டுவார்களே, அந்த முத்திரைக்கு ஜெர்மன் மொழியில் இந்த முள்ளின் பெயர்தான். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் முள்ளுக்குத் தடை வந்ததும் மர முள்ளுக்கு மறுவாழ்வு. டூபிங்கன் நகரம் அதற்கும் ஒரு படி மேலே போய், 2022 முதல் தூக்கியெறியும் தட்டுக்கு 50 சென்ட், முள்ளுக்கு 20 சென்ட் என்று வரி போட்டது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், வரி செல்லும் என்று 2025 ஜனவரியில் தீர்ப்பு வெளியானது. கோபுர்க் சாசேஜுக்கு முள் கிடையாது. பன்தான் தட்டு. தட்டையும் தின்றுவிடுகிறோம்.

எஞ்சியிருப்பது ஒன்று, அந்த நீளத் தகராறு. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் வாரம், கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை, துணிந்து கேட்டுவிட்டேன்.

"அம்மா, மேலே இருப்பவர் கையில் உள்ள கோலும் உங்கள் சாசேஜும் ஒரே அளவு என்கிறார்கள். நான் அளந்து பார்த்தேன். உங்களுடையது குறைகிறதே?"

அவர் இடுக்கியைத் தூக்கி நகர மன்ற உச்சியைக் காட்டினார். நுனியிலிருந்து ஒரு சொட்டுக் கொழுப்பு தீயில் விழுந்து பொங்கியது.

"அவர் வைத்திருப்பது இன்னும் அடுப்பில் போடாதது" என்றார். "அடுத்து யார்?"